உண்டா என்று கேட்ட மிசின்

எங்கள் ஊரில் ஒரு காரியம் நடந்தால் மட்டும் போதாது, அது மைக்கில் நடக்க வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானமா, மைக். கிணற்றில் தண்ணீர் வந்ததா, ஸ்தோத்திர ஜெபம், அதற்கும் மைக். பாறசாலையிலிருந்து உதியன்குளங்கரைக்குப் போகிற வழியில் ரோட்டைவிட்டு உள்ளே இறங்கிப் பாருங்கள். தேங்காய் காய்த்த தென்னையைவிட ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய தென்னைதான் அதிகம் கண்ணில் படும். கர்த்தருக்குக் காது அவ்வளவு மந்தமா என்று சபைக் கமிட்டியில் ஒருமுறை கேட்டேன். அதன்பிறகு கமிட்டிக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் குழாய்களும் மைக் செட்டும் ஜெனரேட்டரும் கனகதாஸுக்குச் சொந்தம். சபையின் செயலாளரும் அவர்தான். சபையின் கன்வென்ஷன் கூட்டமோ கல்யாணமோ எலெக்‌ஷனோ, முதலில் மேடையேறி "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்வது அவராகத்தான் இருக்கும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மலைப்பிரசங்கமே அவர் வாயிலிருந்துதான் வரப்போகிறது என்ற நினைப்பு.

என் பெயர் விமலகுமாரி. ரோட்டோரத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். கட்டிக்கொடுத்த இடம் நெய்யாற்றின்கரை. அங்கே இருந்த குடிகாரனை அவனைப் பெற்றவளிடமே திருப்பி ஒப்படைத்துவிட்டு, அம்மா வீட்டுக்கு வந்து சொந்தமாகச் சம்பாதிக்கிறேன். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் குரல் உரத்துப்போய்விட்டது. பிறக்கும்போதே அப்படித்தான் என்பாள் அம்மா.

அம்மா கிருபாபாய் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. யார் வீட்டில் நோய் என்றாலும் எண்ணெய்க் குப்பியோடு ஜெபிக்கப் போய்விடுவாள். தம்பி பிஜு மஸ்கட்டில் இருந்தான். அவன் மனைவி ஜீனா எங்களோடு இருந்தாள். கடைசித் தங்கை தன்யாவுக்கு மார்த்தாண்டத்தில் மாப்பிள்ளை பேசி முடித்து, ஓணம் கழிந்து கல்யாணம் என்று வைத்திருந்தோம். இது தொண்ணூற்றெட்டில், ஓணத்துக்கு இன்னும் மாசக்கணக்கில் இருக்கும்போது நடந்தது.

ஜீனா பேச மாட்டாள். ஊமை என்று சொல்லவில்லை. வாய் திறப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் பார்ப்பாள், பார்த்து முடிப்பதற்குள் பேச வந்தது போய்விடும். ஒரு மத்தியானம் அவள் மில்லுக்கு வந்தாள். மில் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. சுவிட்சை அணைத்தேன். அணைத்ததும் நிறுத்திவிட்டாள்.

"போடுங்க மைனி. ஓடட்டு" என்றாள்.

மறுபடி போட்டேன். அந்தச் சத்தத்துக்குள் என் கையைப் பிடித்து, சேலைக்குள் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று என் விரலில் தட்டியது. அசையாமல் கல் போல இருந்தது.

"ஆருகிட்டயாவது சொன்னியாட்டி?"

சொல்லியிருக்கிறாள். பிஜு போன் செய்தபோது அவனிடம் சொல்லியிருக்கிறாள். அந்தக் கழுதை, "அம்மாகிட்ட சொல்லு, அம்மா பாத்துக்கிடுவா" என்று சொல்லிவிட்டு, அனுப்பிய டேப் ரெக்கார்டர் நன்றாகப் பாடுகிறதா என்று கேட்டிருக்கிறான். அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். அம்மா எண்ணெய் தொட்டு ஜெபித்துவிட்டு, கல்யாணம் முடிகிற வரை வெளியே மூச்சு விடாதே என்றிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அம்மாவோடு சண்டை போட்டேன். சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வேலியருகே நின்று கேட்கிற அளவுக்குச் சண்டை.

"மார்த்தாண்டத்துக்காரங்க கேள்விப்பட்டா என்னாகும்? கேன்சர் உள்ள வீடுன்னு பேரு வராதா?" என்றாள் அம்மா.

"ஜீனா என்ன உங்க வயித்துலயா பொறந்தா? அவளுக்கு வந்தா தன்யாவுக்கு எப்படி வரும்?"

"ஊருகாரனுக்கு அதெல்லாம் தெரியுமா? வீடுன்னா வீடுதான். ஓணம் கழியட்டு. கர்த்தர் கைவிடமாட்டாரு."

நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மறுநாள் ஜீனாவை பஸ் ஸ்டாப் வரை இழுத்துக்கொண்டு போனேன். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. "மாமி சொல்லாம நான் வரமாட்டேன் மைனி. ஆம்பள டாக்டரா இருந்தா நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருவனந்தபுரம் பஸ் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போயிற்று. அவளை அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு நானே அழுதுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மோகனன் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிற ஏதோ ஒரு ஸ்தாபனத்தின் ஆள். தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் நான்கு பேனா. மனிதர் பேசினால் புரிந்துகொள்கிற மிசின் ஒன்றைச் செய்திருக்கிறாராம். அதை வைத்து எங்கள் சபை ஹாலில் ஒரு மருத்துவ முகாம். அதற்கு முன்னால் ஊர்க்காரர்களின் குரலைப் பிடிக்க வேண்டும், அதிலும் இரைச்சலான இடத்தில் பிடிக்க வேண்டும் என்று என் மில்லைத் தேடி வந்தார். அவர் மலையாளத்தில் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன்.

"இதுக்கு எத்தன வார்த்த புரியும் சாறே?"

"இப்போதைக்கு ரெண்டு. உண்டு, இல்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க வீட்டு ஆட்டுக்கு இதவிடக் கூட புரியுமே!"

மனுஷனுக்குக் கோபம் வரவில்லை. அந்த இரண்டு வார்த்தையும் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்று, அதனால்தான் தமிழ்நாட்டை ஒட்டிய இந்த எல்லையூரைத் தேர்ந்தெடுத்தேன் என்றார். இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இருநூறு, ஒருநாள் எல்லாமே புரியும். எழுதப் படிக்கத் தெரியாதவன் தன் பேச்சிலேயே ஆபீசில் காரியம் கேட்கலாம், கண் தெரியாதவன் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"வில்லேஜ் ஆபீசில இருக்கவனுக்கு எங்க பேச்சு புரியாமலா சாறே எங்கள நடையா நடத்துதான்? அவனுக்கு எல்லாம் புரியும். நல்லாவே புரியும்."

மோகனன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு கிட்டே வந்து ஒன்று சொன்னார். அவருடைய அக்காவுக்குக் கர்ப்பப்பையில் நோய். இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்போது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். "மனுஷ முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்கள் உண்டு இல்லையா? இதற்கு முகம் கிடையாது. திரைக்குள்ளே தனியாக உட்கார்ந்து, காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு உண்டு இல்ல சொன்னால் போதும். யாருக்கு அவசரமோ அவர்களுக்கு மிசின் சிவப்புச் சீட்டு கொடுக்கும். சீட்டு கிடைத்தவர்களை மறுநாள் முகாம் பஸ்ஸிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். உள்ளே என்ன பதில் சொன்னார்கள் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது."

நான் மில்லை அணைத்தேன். கிண்டல் செய்ய வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். முகாமை நடத்துவதே சபை. சங்கத் தலைவி என்கிற முறையில் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வருவது அம்மாவின் பொறுப்பு. சிவப்புச் சீட்டு வந்தால் அம்மா ஜீனாவை பஸ்ஸில் ஏற்றித்தான் ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது. இரண்டே வார்த்தை தெரிந்த அந்த மிசின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஜீனாவிடம் சொன்னேன்.

"அது மாமிகிட்ட சொல்லாதா?"

"சொல்லாதுட்டி."

"ஆம்பளக் கொரலா, பொம்பளக் கொரலா?"

"பொம்பளக் கொரலுதான்."

"அப்ப நான் சொல்லுவேன்" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

முகாம் நாள் வந்தது. ஹாலின் ஒரு மூலையில் நீலத் திரை. திரைக்குள் கம்ப்யூட்டரும் ஒரு நாற்காலியும். எல்லாம் சரியாக இருந்தது, கரண்டைத் தவிர. வோல்டேஜ் கிடையாது, பல்பு மின்மினி போல மினுங்கியது. மோகனன் சார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது கனகதாஸ் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் முன்னால் வந்தார்.

"வெசனப்படாதீங்க சாறே. நம்ம ஜெனரேட்டர் உண்டு."

சாரைத் தன் அம்பாசிடரில் வீட்டுக்கு அனுப்பி மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறச் செய்தார். சார் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் இங்கே கனகதாஸின் ஆட்கள் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதோடு விட்டார்களா? ஹெட்போன் வயரைப் பிடுங்கி ஆம்ப்ளிஃபயரில் சொருகினார்கள். நாற்காலிக்கு முன்னால் ஒரு மைக்கை நட்டார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நம்ம ஊர் தேடி ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அது காதோடு காதாகப் பேசிவிட்டுப் போவதா, ஊருக்குக் கேட்க வேண்டாமா? இது கனகதாஸின் நியாயம். கமிட்டியில் ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள். நான் போட்ட கூச்சலை யாரும் காதில் வாங்கவில்லை. திரை மட்டும் அப்படியே தொங்கியது. அதற்குள்ளே போகிறவர் முகம் தெரியாது, குரல் உதியன்குளங்கரை வரை கேட்கும்.

போதாததற்குக் கனகதாஸ் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அறிவித்தார்.

"அடுத்ததாக, நமது சபையின் மூத்த அங்கத்தினர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் திரு. பொன்னப்பன் அவர்கள் இப்பொழுது கம்ப்யூட்டருக்கு முன்பாக வருகிறார்கள்."

குழாயில் ஒரு பெண் குரல் இனிமையாகக் கேட்டது: "மது அருந்தும் பழக்கம் உண்டா?"

"இல்ல" என்றார் பொன்னப்பன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற கள்ளுக்கடை செல்லசாமி சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது. யாரோ முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் முடிந்து பெண்கள் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்கள். முடிவெட்டுகிற கடையில் பாதித் தலையோடு ஒருவன் வாசலுக்கு வந்து நின்றான்.

"மாதவிலக்கு அல்லாத நாட்களில் ரத்தப்போக்கு உண்டா?"

"இல்ல."

"மார்பில் கட்டி ஏதாவது தட்டுப்படுவது உண்டா?"

"இல்ல."

ஒவ்வொருத்தியாகப் போனாள், ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். இல்ல, இல்ல, இல்ல. சிலர் கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னார்கள். மாதக்கணக்கில் இருமுகிறவள், இருமல் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து இருமினாள். வாயில் ஒரு பல்லும் இல்லாத கிருஷ்ணம்மா, பல்வலி உண்டா என்றதற்கு இல்ல என்றாள். அன்றைக்கு அந்தக் குழாயில் வந்த உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மீன்கறி ஏப்பத்தோடு மோகனன் சார் வந்தார். குழாயைப் பார்த்து முதலில் அவர் முகம் வெளுத்தது. திரைக்குள் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஆனால் கம்ப்யூட்டரில் ஓடிய எண்களைப் பார்த்ததும் மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"ஒன்றுகூடத் தப்பவில்லை. இவ்வளவு இரைச்சலில்! நூற்றுக்கு நூறு!"

"சாறே, அவளுவ சொன்னது எல்லாம் பொய்யி."

"அது வேறு விஷயம். சொன்னதை அது சரியாகக் கேட்டிருக்கிறதே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க அக்கா இந்தக் குழாயில சொல்லியிருப்பாளா?" என்று கேட்டேன்.

அது உறைத்தது. வயரைப் பிடுங்கக் கையை நீட்டினார். கனகதாஸ் திரையை விலக்கித் தலையை நீட்டினார். "வயர எடுத்தா ஜெனரேட்டரையும் நிப்பாட்டணும் சாறே. பத்திரிகைக்காரன் வந்து இருக்கான். பஞ்சாயத்துலேருந்து ஆளு வந்து இருக்கு. நல்லா போவுது, எதுக்கு கெடுக்குதீங்க?" என்றார். சார் என்னைப் பார்த்தார், கனகதாஸைப் பார்த்தார், எண்களைப் பார்த்தார். நீட்டின கையை மடக்கிச் சட்டைப்பையில் பேனாவைச் சரி செய்துகொண்டார். படித்தவர்களின் வெட்கம் இவ்வளவு நேரம்தான் தாங்கும்.

நான் வெளியே வந்து ஜீனாவைத் தேடுவதற்குள் குழாய் முந்திக்கொண்டது.

"அடுத்ததாக, மஸ்கட்டில் பணிபுரியும் நமது அன்புச் சகோதரர் திரு. பிஜு அவர்களின் துணைவியார் திருமதி. ஜீனா அவர்கள்."

முன்வரிசையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போகாதட்டி" என்று நான் கத்தினேன். என் குரலை ஜெனரேட்டர் விழுங்கிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் போகாமல் இருக்க ஜீனாவுக்குத் தெரியாது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரைக்குள் போனாள்.

"மார்பில் கட்டி ஏதாவது தட்டுப்படுவது உண்டா?"

அவள் மூச்சுச் சத்தம் மட்டும் நாலு திசையிலும் கேட்டது. சொல்லிவிடு மக்கா, சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"இல்ல."

அவ்வளவு சின்னக் குரலை அந்தக் குழாய் எவ்வளவு பெரிதாக்கிற்று! வெளியே வந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா எழுந்து என்னிடம் வந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல்.

"கேட்டியாட்டி? எத்தன நாளு எனக்க தலைய உருட்டின! கம்ப்யூட்டரே கேட்டாச்சு, இல்லன்னு சொல்லியாச்சு. இனி அந்தப் பேச்ச எடுக்கப்பிடாது, ஆமா."

இதுவரை அம்மா ஒருத்தி மட்டும்தான் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. இனி பிஜுவுக்கு எழுதினாலும், போதகரிடம் போய் அழுதாலும், பரிசோதனை செய்தாகிவிட்டதே என்பார்கள். ஓணம் வரை அந்தக் கல் அங்கேயே இருந்து வளரும். ஊரோடு சேர்ந்து ஒரு பெண்ணைக் கொல்வதற்குத் திருவனந்தபுரத்திலிருந்து மிசின் வேறு கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு போனேன். "எனக்க பேரச் சொல்லும் ஓய்!" என்று கனகதாஸிடம் சொன்னேன். அவரும் உற்சாகமாக, "மாவு மில் உரிமையாளர் செல்வி... திருமதி..." என்று தடுமாறி, "சகோதரி விமலகுமாரி" என்று முடித்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். இருமல் உண்டா என்றது. உண்டு. உடம்பு மெலிந்ததுண்டா? என் உடம்பைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். உண்டு. ரத்தப்போக்கு? உண்டு. வெளியே சலசலப்பு அடங்கியது.

"மார்பில் கட்டி ஏதாவது தட்டுப்படுவது உண்டா?"

"உண்டு. நல்லா கேட்டுக்க. இந்த ஊரு பூரா கேக்கட்டு. உண்டு!"

"மன்னிக்கவும். உண்டு, இல்ல என்று மட்டும் பதில் சொல்லவும்" என்றது மிசின், மரியாதையாக. பிறகு அதே கேள்வியை முதலிலிருந்து ஊருக்கெல்லாம் கேட்டது.

"உண்டு" என்றேன்.

கனகதாஸ் திரைக்குள் பாய்ந்தார். "சாறே, மிசினுக்கு ஏதோ கொழப்பம் உண்டு. விமலா இல்லன்னுதான் சொல்லிச்சு. நான் இல்லன்னு மாத்தி சொல்லிடுதேன்" என்று மைக்கை எடுக்கப் போனார். அப்போதுதான் மோகனன் சாருக்கு ரோஷம் வந்தது.

"என் மிசின் தப்பாகக் கேட்காது! அவர் உண்டு என்றுதான் சொன்னார்!"

அவருடைய கர்வத்தால் அன்று ஊருக்கு நடந்த ஒரே நன்மை அதுதான். சிவப்புச் சீட்டு என் கைக்கு வந்தது.

அம்மா ஓடி வந்தாள். அறுபது வயதுக்காரி, மூட்டுவலிக்காரி, பெஞ்சைத் தாண்டி ஓடி வந்தாள். என்னை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள்.

"எப்பத் தொட்டு மக்கா? ஏன் எனக்கிட்ட சொல்லாம இருந்த? எனக்க பொன்னு மக்கா... கனகதாசே, காரு எடும்! பஸ்ஸுக்கெல்லாம் நிக்க ஒக்காது!"

"ஓணம் கழியட்டும்மா" என்றேன் நான்.

"ஓணமா? உனக்கு பைத்தியமாட்டி?"

"மார்த்தாண்டத்துக்காரங்க கேள்விப்பட்டா?"

"கேள்விப்படட்டு! அந்தக் கல்யாணம் நடந்தா நடக்கட்டு, நடக்காட்டி போட்டு. எனக்கு எனக்க பிள்ளதான் வலுது."

நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பில்லை. பெற்ற வயிறு பற்றி எரிகிற அழுகை. பொய் சொல்லி இந்தக் கிழவியை இப்படி அழ வைத்துவிட்டேனே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில், அடிப்பாவி, இந்த ஓட்டத்தில் கால்வாசியை அவளுக்காக ஓடியிருந்தால் என்ன என்று ஆத்திரமாகவும் வந்தது. திரையைப் பிடித்துக்கொண்டு ஜீனா நின்றிருந்தாள். அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்கிற நேரம் முடிந்துவிட்டதால், மறுநாள் காலையிலேயே கனகதாஸின் அம்பாசிடர் வாசலுக்கு வந்தது. ஜீனா கூட வராமல் நான் வண்டியில் ஏற மாட்டேன் என்று நின்றேன். நான் கேட்டிருந்தால் அம்மா அன்று சபை ஹாலையே பெயர்த்து வண்டியில் ஏற்றியிருப்பாள், ஜீனாவையா ஏற்றமாட்டாள்? முன்சீட்டில் அன்றைய பேப்பர் கிடந்தது. கம்ப்யூட்டரின் தலையில் கைவைத்துக்கொண்டு கனகதாஸ் நிற்கும் படம். மக்கள் மொழி அறிந்த மிசின், பிழையே இல்லை, கிராமப் பெண்கள் தயக்கமின்றிப் பதில் சொன்னார்கள் என்று எழுதியிருந்தது. நான் அதை மடித்துக் காலுக்கடியில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் ஒரு பெண். அவர் சிவப்புச் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "எங்கே, காட்டுங்க" என்றார்.

"எனக்கு இல்ல டாக்டர். இவளுக்காக்கும்" என்று ஜீனாவின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். "எனக்கு ஒண்ணும் கிடையாது. நான் பொய் சொன்னேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், ஜீனாவைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், அறைந்தாலும் அறைவாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். அவள் அந்த ஆஸ்பத்திரித் தரையில் முழங்கால் போட்டாள். இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடினாள்.

"கர்த்தாவே உமக்கு ஸ்தோத்திரம்! எனக்க பிள்ளைக்கு ஒண்ணுமில்ல! எனக்க பிள்ளைக்கு ஒண்ணுமில்ல! கோடி ஸ்தோத்திரம்!"

ஜீனா பக்கத்தில் நிற்கிறாள். கட்டியோடு நிற்கிறாள். எனக்கு அவமானத்தில் தலையைத் தூக்க முடியவில்லை.

டாக்டர் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜீனாவிடம் திரும்பினார். "உனக்கு உண்டா மோளே?"

எனக்குத் தெரியும், இல்ல என்று சொல்லப்போகிறாள். ஊர் கேட்டால் இல்ல, மிசின் கேட்டால் இல்ல, இங்கே மாமியார் காலடியில் இருக்கிறாள். வேறு என்ன வரும்? இவ்வளவு நாடகமும் வீணாகப் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாமி, எழும்புங்க" என்றாள் ஜீனா.

அம்மாவின் ஸ்தோத்திரம் பாதியில் நின்றது.

"எழும்பி வெளிய போய் இருந்து ஸ்தோத்திரம் பண்ணுங்க. நான் டாக்டர்கிட்ட பேசணும்." நாலு பக்கமும் அவள் பார்க்கவில்லை. குரலும் தாழவில்லை. நான் அம்மாவின் தோளைப் பிடித்துத் தூக்கினேன். "மைனியும் போணும்" என்றாள் என்னைப் பார்த்து.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன். கதவை அவளே சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.

வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருந்தது. அம்மா உட்காரவில்லை. கதவருகே போய், சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, மரத்தில் காதை வைத்து நின்றாள். உள்ளே ஜீனா பேசிக்கொண்டே இருந்தாள். நிறுத்தாமல், நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேச்சு அவளிடம் இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. வார்த்தை மட்டும் பிடிபடவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"அவ என்னதான்ட்டி சொல்லுதா?"

"உங்ககிட்ட சொன்னதத்தான் சொல்லுதா" என்றேன்.